ஸோ மின் ஊவோட மாமா

கொஞ்சம் போன் சத்தத்தைக் குறைச்சுக்கிறீங்களா தம்பி? கோவிச்சுக்காதீங்க. ஆட்டத்தைப் பாருங்க, பாக்க வேண்டாங்கல. அந்த விசில் சத்தத்தை இப்ப என்னால கேக்க முடியல. முன்னாடி இப்படி இல்ல. பந்தாட்டம்னா முதல் வரிசையில உக்காந்து பாத்த ஆளு நான். பெரிய அதிகாரிங்க உக்கார்ற வரிசை. டிக்கெட் எடுத்து இல்ல, கூப்பிட்டு உக்கார வச்சாங்க.

அட, அணைச்சே புட்டீங்களா. நல்ல பிள்ளை.

நானும் விருதுநகர்தான் போறேன். ஊரு அது இல்ல, வேலையாப் போறேன். எனக்கு ஊரு ரங்கூன். ஆமா, பர்மா. எங்க தாத்தா சிவகங்கைப் பக்கத்துலேருந்து போனவரு. நான் உளுந்து தரகு பண்றேன். நீங்க காலைல தின்னுட்டு வந்த இட்லியில எங்க ஊரு உளுந்துதான் இருக்கும், சந்தேகமே வேண்டாம். விருதுநகர்ல வாங்குறவங்களை நேர்ல பாத்துப் பேசணும். முன்ன மாதிரி போன்ல பேசி வேலை முடியல. முன்னயெல்லாம் என் பேரைச் சொன்னா துறைமுகத்துல கன்டெய்னர் தானா நகரும். ஏன்னு கேளுங்க. என் மருமகனால.

மருமகன்னா மகளைக் கட்டினவன் இல்ல. தங்கச்சி மகன். பேரு நீலமேகம், வீட்ல நீலு. அங்க எங்க ஆளுங்க எல்லாருக்கும் ரெண்டு பேரு உண்டு. நான் இங்க ஆவுடையப்பன், அங்க ஊ தெய்ன் ஸோ. அவனைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது நான்தான் பர்மியப் பேரு வச்சேன். ஸோ மின் ஊ. பர்மாவுல போயி அந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க. டீக்கடையில இருக்கிறவன் கிளாஸைக் கீழ வச்சுட்டு உங்க முகத்தைப் பாப்பான். இப்ப அது சத்தமாச் சொல்லக் கூடாத பேரு.

அவங்கப்பன் துறைமுகத்துல கிரேன் ஓட்டினவன். பிள்ளை நடக்கப் பழகுறதுக்குள்ள செத்துப் போனான். தங்கச்சி செங்கமலத்தையும் பிள்ளையையும் நான்தான் கூட்டிட்டு வந்து மாடி அறையில வச்சுக்கிட்டேன். எனக்குப் பிள்ளை இல்ல, பொண்டாட்டியும் சீக்கிரம் போயிட்டா. சமைக்க ஆளு வேணும்னுதான் கூட்டிட்டு வந்தீங்கன்னு செங்கமலம் பின்னாடி ஒருநாள் சொன்னா. எவ்வளவு பெரிய வார்த்தை பாருங்க. அவ சமைச்சா, சரி. ஆனா அதுக்காகவா கூட்டிட்டு வந்தேன்?

எங்க தெருவுல சாயங்காலமானா வண்டி ஓட்ட முடியாது. இந்தப் பக்கம் ரெண்டு செருப்பு, அந்தப் பக்கம் ரெண்டு செருப்பு, அதுதான் கோல். நீலு கூடவே ஒருத்தன் திரிவான், தீஹான்னு, பர்மியப் பையன். அவங்கம்மா தெருமுனையில மொய்ங்கா விக்கிறவ. மெட்ராஸ்ல பர்மா பஜார் பக்கம் விக்கிறாங்களே, நூடுல்ஸ்ல மீன் குழம்பு ஊத்தி, அதான். தீஹா வலது ஓரமா பந்தை ஓட்டிட்டு வந்து நடுவுல போடுவான். நீலு அடிப்பான். இவன் எங்க நிப்பான்னு அவனுக்குத் தெரியும், அவன் எங்க போடுவான்னு இவனுக்குத் தெரியும், ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் நிமிந்து பாக்கவே மாட்டானுங்க. இதெல்லாம் பின்னாடி டிவியில சொல்லி நான் கேட்டது. அப்ப எனக்கு எங்க நேரம்? உளுந்து சீசன்.

அடிச்சிருக்கேன். அதைச் சொல்லாம என்ன. பள்ளிக்கூடம் விட்டு நேரா கடைக்கு வாடான்னா, இவன் முழங்கால்ல ரத்தத்தோட விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து நிப்பான். பெல்ட்டைக் கழட்டுவேன். அதுவும் நல்லதுக்குத்தான். அந்த அடி இல்லன்னா அவனுக்கு அவ்வளவு வேகம் வந்திருக்குமா? என்கிட்டேருந்து ஓடி ஓடித்தான் அந்தக் காலு வந்துச்சுன்னு ஒரு பேட்டியில கூடச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. பக்கத்துல உக்காந்திருந்த அவன் மட்டும் சிரிக்கல. கூச்ச சுபாவம்.

ஒரு கோச்சு வந்து ரெண்டு பேரையும் பொறுக்கி எடுத்துட்டுப் போனாரு. செங்கமலம் எனக்குத் தெரியாமலே சரின்னு சொல்லியிருக்கா. பேப்பர்ல படம் வந்த அன்னிக்குத்தான் எனக்கே தெரியும். பத்தொன்பது வயசுக்குக் கீழ உள்ளவங்க ஆடுற டீமு. கடைக்கு வந்த சுங்கத்துக்காரரு பேப்பரை விரிச்சுக் காட்டி, 'இது உங்க வீட்டுப் பையனாமே'ன்னாரு. 'நான் வளத்த பையன்'னேன். அன்னிலேருந்து நான் அவனை விடல. எங்க ஆட்டமோ அங்க நான். அவனை ஆளாக்கினது நான்தான்னு சும்மாவா சொல்றேன்?

உங்களுக்கு ஒண்ணு சொல்லணும், அப்பத்தான் மத்தது விளங்கும். அங்க நம்ம ஆளுங்களைக் 'கலா'ம்பாங்க. கறுப்பன், அன்னியன், அந்த மாதிரி. எங்கப்பா அங்க பொறந்தவரு, நான் அங்க பொறந்தவன், இருந்தாலும் கலாதான். என் அடையாள அட்டை கூட வேற கலரு. அறுபதுகள்ல கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, சனமெல்லாம் கப்பலேறி இந்தப் பக்கம் வந்துருச்சு. எங்கப்பா மட்டும் வர மாட்டேன்னு உக்காந்துட்டாரு. அவரு எனக்குச் சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணு. எவன் ஆண்டாலும் சலாம் போடு, தலையைத் தூக்காதே. அதை வச்சுத்தான் நான் பொழைச்சேன். அதைத்தான் அவனுக்கும் சொன்னேன். ஆயிரம் தடவை சொன்னேன்.

முதல் பெரிய ஆட்டம். மைதானம் நிறைஞ்சு கிடக்கு. நீலு கால்ல பந்து வந்தா போதும், ஒரு மூலையிலேருந்து கலா, கலான்னு கத்துறானுங்க. குரங்கு மாதிரி சத்தம் வேற. நான் கேக்காத மாதிரி உக்காந்திருந்தேன். பக்கத்துல அதிகாரிங்க இருக்காங்கள்ல, முகத்தைச் சுளிக்கக் கூடாது. அப்பத்தான் தீஹா ஓரமா ஓடி வந்து பந்தைத் தூக்கிப் போட்டான். நல்ல உசரம். இவன் ரெண்டு தடியனுங்களுக்கு நடுவுல எழும்பி, நெஞ்சுல வாங்கி, பந்து தரையைத் தொடுறதுக்குள்ள இடது காலால ஒரு திருப்பு திருப்பினான் பாருங்க. கோல் காக்கிற கோலி நின்ன இடத்துலேருந்து அசையல. அவ்வளவு சனமும் எந்திரிச்சு நிக்குது. கலான்னு கத்தின அதே மூலை, ஸோ மின், ஸோ மின்னு கத்துது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

கோல் போட்டா மத்தவனெல்லாம் சட்டையைக் கழட்டிச் சுத்துவான், புல்லுல வழுக்கிட்டுப் போவான். இவன் நேரா அந்த மூலைக்கு நடந்து போயி நின்னான். கையைக் கட்டிக்கிட்டு அவனுங்களையே பாத்தான். அப்புறம் திரும்பி வந்துட்டான். என்ன பணிவு பாத்தீங்களான்னு நான் பக்கத்து அதிகாரிகிட்ட சொன்னேன். வீட்டுக்கு வந்து செங்கமலத்துகிட்டயும் சொன்னேன்.

'அது பணிவு இல்லண்ணே'ன்னா.

வேற என்னவாம்? கேட்டா, அடுப்பைப் பாக்கணும்னு போயிட்டா. அவ எப்பவும் அப்படித்தான். ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு அடுப்பைப் பாக்கப் போயிருவா.

அதுக்கப்புறம் ஏறுமுகம்தான். பெரிய கிளப்பு, அப்புறம் நாட்டு டீமு. ஒன்பதாம் நம்பர் சட்டை. ஊரெல்லாம் அவன் முகம் போட்ட கூல்டிரிங்க் விளம்பரம். கடையில பெரிய படமா ஒண்ணு மாட்டினேன், கோல் போட்டதும் அவனும் தீஹாவும் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிற படம். சுவத்துல அகலம் போதல, அதனால தீஹாவை வெட்டிட்டு மாட்டினேன். ஒரு கை மட்டும் நீலு தோள்மேல மிச்சம் இருந்துச்சு, அதை ஒண்ணும் பண்ண முடியல. அந்தப் படத்தைப் பாக்கவே அதிகாரிங்க டீ குடிக்க வருவாங்க. ஊ தெய்ன் ஸோன்னு யாரும் கூப்பிடல. ஸோ மின் ஊவோட மாமா, ஸோ மின் ஊவோட மாமா, இதான் என் பேரு. கலாங்கிற வார்த்தையே என் காதுல விழல அந்தக் காலத்துல. எங்கப்பா பாத்திருந்தா உருகிப் போயிருப்பாரு.

தாய்லாந்து கிளப்பு ஒண்ணு அவனைக் கூப்பிட்டுச்சு. அங்க நல்லா ஆடினா ஜப்பானுக்கே போகலாம்னாங்க. இவனுக்கு ஆசை. தீஹாவையும் எடுத்துக்கோங்கன்னு கேட்டிருக்கான், அவங்களும் சரின்னு சொல்ற மாதிரிதான் இருந்திருக்காங்க. பேச வந்த ஆளை நான் கடையில உக்கார வச்சு, டீ குடுத்து, பையன் எங்கயும் வர மாட்டான்னு சொல்லி அனுப்பிட்டேன். நீங்களே யோசிச்சுப் பாருங்க தம்பி. அவன் பாங்காக்ல கோல் போட்டா ரங்கூன் துறைமுகத்துல யாருக்குத் தெரியும்? பையன் நம்ம கண்ணு முன்னாடி இருக்கணும்ல. கொஞ்ச காலம் என்கூடப் பேசாம இருந்தான். சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும் நல்லது கெட்டது.

அப்புறம் வந்துச்சு அந்த பிப்ரவரி. காலைல எந்திரிச்சா போன் வேலை செய்யல. ராணுவம் ஆட்சியை எடுத்துக்கிச்சுன்னாங்க. சரி, எடுத்துக்கிட்டா எடுத்துக்கட்டும். நான் வழக்கம்போல கடையைத் திறந்து உக்காந்தேன். பொழுது சாஞ்சதும் மாடியிலேருந்து டங்கு டங்குன்னு சத்தம். இவன் செங்கமலத்தோட சோத்துப் பானையை எடுத்து வச்சுக்கிட்டுக் கரண்டியால அடிக்கிறான். ஊரே அடிச்சுது. அங்க பேயை விரட்ட அப்படித்தான் அடிப்பாங்க. செங்கமலம் ஒரு மூடியை எடுத்து அடிக்கிறா. எங்க தெருவுல சத்தம் வராத வீடு எங்க கீழ்த்தளம் ஒண்ணுதான்.

மார்ச்சு மாசம், ராணுவத்தை எதிர்த்துப் போன ஊர்வலத்துல தீஹாவைச் சுட்டுட்டாங்க. கழுத்துல பட்டு அங்கயே போயிட்டான். நீலுவும் பக்கத்துலதான் நின்னிருக்கான். அவன் சட்டையெல்லாம் ரத்தம், நான் அவனுக்குத்தான் அடிபட்டுருச்சுன்னு பதறிட்டேன். அடுத்த நாளு சவப்பொட்டியைத் தூக்கப் போறேன்னு கெளம்புறான். நான் வாசல்ல மறிச்சுக்கிட்டேன்.

'போகாதடா. படம் எடுக்கிறாங்க. யாரு யாரு வர்றான்னு குறிச்சு வைக்கிறாங்க. உன் முகம் ஊருக்கே தெரிஞ்ச முகம்.'

'மாமா, நான் உங்க வீட்ல சாப்பிட்ட சோத்தை விட அவங்க வீட்ல சாப்பிட்டதுதான் அதிகம். வழியை விடுங்க'ன்னான்.

கேட்டீங்களா? ஏன், என் வீட்ல சோறு இல்லையா? கொட்டிக் கிடந்துச்சு தம்பி. இவன்தான் சாப்பாட்டு நேரத்துக்கு என் எதிர்ல உக்கார மாட்டான்.

பொட்டிக்கு முன்பக்கம் தோள் குடுத்துட்டுப் போனான். அவனைப் படம் எடுத்துட்டாங்க. நான் சொன்ன மாதிரியே எடுத்துட்டாங்க.

கொஞ்ச நாளு கழிச்சு நாட்டு டீமுக்குக் கூப்பிட்டாங்க. வெளிநாட்டுல ஆட்டம். ஆட்சி புதுசு, உலகமே பாக்குது, டீமு போகலன்னா மானக்கேடு. ஆனா பையனுங்க பாதிப் பேரு போகல. எப்படிப் போகல? அதைக் கவனிங்க. ஒருத்தன் முழங்கால் வலின்னான். ஒருத்தன் காய்ச்சல்னான். ஒருத்தன் போனை எடுக்கவே இல்ல. நீலுவும் அப்படித்தான். கணுக்கால் வீங்கிருச்சுன்னு சொல்லிட்டு மேல கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துட்டான். வீக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல.

ஒருநாள் மத்தியானம் கடைக்கு ஒரு அதிகாரி வந்தாரு. புது ஆளு. பேரெல்லாம் வேண்டாம். உக்காந்தாரு, டீ வாங்கிக் குடுத்தேன். ரொம்ப மரியாதையாப் பேசினாரு.

'ஊ தெய்ன் ஸோ, உங்க மருமகனோட கணுக்கால் எப்படி இருக்கு?'

'பரவால்லைங்க.'

'உங்க கன்டெய்னருங்க எப்படி இருக்கு?'

அவ்வளவுதான். டீயைக் குடிச்சாரு, சுவத்துல இருந்த படத்தைப் பாத்தாரு, நல்ல பையன்னாரு, எந்திரிச்சுப் போயிட்டாரு. எங்கப்பா கடையைச் சாத்தி, சாவியை அதிகாரி கையில குடுத்துட்டுத் தெருவுல நின்னதை நான் சின்னப் பிள்ளையில பக்கத்துல நின்னு பாத்தவன் தம்பி. அந்த ஆளும் இப்படித்தான் ரொம்ப மரியாதையாப் பேசினான்.

மறுநாள் கேமராவோட வந்தாங்க. கடையில, அந்தப் படத்துக்குக் கீழ என்னை உக்கார வச்சாங்க. நல்ல பர்மியத்துல பேசினேன், ஒரு தடங்கல் இல்ல. 'என் மருமகன் குணமாயிட்டான். நாட்டுக்காகக் கட்டாயம் ஆடுவான். எங்க குடும்பம் இந்த நாட்டு உப்பைத் தின்ன குடும்பம், நாங்க நன்றி மறக்க மாட்டோம்.' முடிச்சதும் கேமராக்காரன் எந்திரிச்சு வந்து கை குடுத்தான்.

அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களான்னு நீங்க கேப்பீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. எதுக்குக் கேக்கணும்? மேலதான படுத்திருக்கான். கேட்டா முடியாதுன்னுதான சொல்லியிருப்பான்.

அது ஊரு பூரா பரவிருச்சு. பொழுது விடியறதுக்குள்ள அவன் விளம்பரப் படத்து மேலயெல்லாம் சாணியடிச்சிருக்காங்க. ஸோ மின் வித்துட்டான், கலா புத்தியைக் காட்டிட்டான்னு எழுதுறாங்க. அந்த வார்த்தை திரும்ப வந்துருச்சு பாத்தீங்களா. செங்கமலம் மார்க்கெட்டுக்குப் போனா மீன்காரி மீனை மூடி வச்சுட்டாளாம். வெறுங்கூடையோட திரும்பி வந்து, என்னை ஒரு பார்வை பாத்துட்டு மாடிக்குப் போனா.

அன்னிக்குச் சாயங்காலம் தீஹாவோட அம்மா வந்துச்சு. கடை வாசல்ல நின்னு, என்னைப் பாக்கவே இல்ல, மேல பாத்து 'ஸோ மின்'னு ஒரே ஒரு குரல் குடுத்துச்சு. இவன் இறங்கி வந்தான்.

'போறியாப்பா?'

'இல்லம்மா.'

'உங்க மாமா சொன்னாரே.'

'நான் சொல்லலம்மா.'

'அப்ப நீ சொல்லு. எனக்காக இல்ல. எனக்கு உன்னைத் தெரியும். ஊருக்குத் தெரியணும்.'

சொல்லிட்டு அந்தம்மா போயிருச்சு. இவன் தெருவுல, சின்ன வயசுல செருப்பு வச்சு விளையாடுவானே, அங்க போயி நின்னுக்கிட்டான். செங்கமலம்தான் போனைப் புடிச்சா. பெத்தவ, தடுக்க வேண்டாமா? அவளே புடிச்சா.

என்ன பேசினான்கிறீங்க? எனக்கு மனப்பாடமா இருக்கு. 'நான் ஸோ மின் ஊ. என் கணுக்காலுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா ஓட முடியும். எனக்குப் பந்து போட்டுக் குடுத்தவனைக் கொன்னவங்களுக்காக ஓட மாட்டேன். எனக்காக வேற யாரும் பேச வேண்டாம்.' அப்புறம் மூணு விரலைத் தூக்கிக் காட்டினான். உங்களை எதிர்க்கிறோம்னு அர்த்தம் அதுக்கு.

வேற யாரும்! மாமான்னு ஒரு வார்த்தை வரல வாயில. வேற யாரும்.

இதுல எனக்கு விளங்காத சங்கதி ஒண்ணு இருக்கு தம்பி, நீங்க படிச்சவரு, உங்களுக்காவது விளங்குதான்னு பாருங்க. முழங்கால் வலின்னு சொன்னவன் இன்னிக்கும் ரங்கூன்லதான் இருக்கான். கல்யாணம் ஆயிருச்சு, குழந்தை இருக்கு, போன மாசம் கூட ஆடினான். காய்ச்சல்னு சொன்னவன் கடை வச்சிருக்கான். அவனுங்களை யாரும் ஒண்ணும் பண்ணல. இவனும் அவனுங்க மாதிரி வாயை மூடிட்டுப் படுத்துக் கிடந்திருந்தா அத்தோட போயிருக்கும். பேச வேண்டிய அவசியம் இவனுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு? யாரு இவனைப் பேச வச்சது? அந்த மொய்ங்காக்காரிதான், வேற யாரு.

அன்னிக்கே ஊரை விட்டுக் கெளம்பிட்டான். அடுத்த நாளு அவன் மேல வழக்குன்னு போலீஸு வந்து மெத்தையைக் கிழிச்சுப் பாத்தாங்க. படத்தைக் கழட்டச் சொன்னாங்க, கழட்டிட்டேன். அப்ப அங்க ஒரு வழக்கம் வந்துருச்சு. வீட்ல இப்படி ஒருத்தன் ஓடிப் போயிட்டான்னா அரசாங்கப் பேப்பர்ல விளம்பரம் குடுக்கணும். இன்னாரு எங்க பேச்சைக் கேக்கல, இனிமே அவருக்கும் எங்களுக்கும் ஒட்டு இல்ல, உறவு இல்லன்னு. தினம் பக்கம் பக்கமா வரும். அப்பன் மகனைப் போடுவான், ஆத்தா மகளைப் போடுவா. வெறும் சடங்கு. நானும் குடுத்தேன். தாய்மாமன் பேரு மட்டும் போட்டா நம்ப மாட்டாங்கன்னு செங்கமலம் பேரையும் சேர்த்தே போட்டேன்.

பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு வந்து நின்னா.

'என் பேரைப் போடச் சொல்லி யாருண்ணே சொன்னது?'

'உன் நல்லதுக்குத்தான் செங்கமலம். வீடு நிலைக்கணும்ல.'

'என் மகன் எனக்கு இல்லன்னு நான் சொன்னதா ஊரெல்லாம் படிக்கும்.'

'அது சும்மா காகிதம்.'

பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவுத்து வச்சா. அடுப்படியைத் துடைச்சு விட்டா. ஒரே ஒரு பையோட இறங்கிப் போயிட்டா. நான் மார்க்கெட்டுக்குப் போறாள்னு நினைச்சேன். அன்னிலேருந்து எனக்குக் கடைச் சாப்பாடுதான். வயித்துக்கு ஒத்துக்கல.

இவ்வளவு பண்ணியும் எனக்கு என்ன ஆச்சு? அரசாங்கத்து ஆளுங்க ஓடிப் போனவனோட மாமான்னு சந்தேகமாப் பாக்குறாங்க. தெருக்காரங்க கேமராவுல பேசின ஆளுன்னு பாக்குறாங்க. கடையில டீ குடிக்க யாரும் வர்றதில்ல.

போன வருஷம் அந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டு விட்டாரு. பையன் தாய்லாந்து எல்லையில மெசோட்ங்கிற ஊர்ல இருக்கானாமே, ஒரு மன்னிப்பு வீடியோ குடுக்கச் சொல்லுங்க, வழக்கை எடுத்துரலாம்னாரு. நான் சந்தோஷமா கெளம்பிட்டேன். பாங்காக் வரைக்கும் விமானம், அப்புறம் பஸ்ஸு மாறி மாறி, விசாரிச்சு விசாரிச்சு. பர்மாவுலேருந்து போனவங்க லட்சக்கணக்குல இருக்காங்க அங்க. தையல் கம்பெனிக்குப் பின்னாடி ஒரு மைதானம் இருக்கு, ஞாயித்துக்கிழமை அங்க இருப்பான்னு சொன்னாங்க.

போனா, கம்பெனித் தொழிலாளிங்க ஆடிட்டு இருக்காங்க. புல்லு கிடையாது, செம்மண்ணு. நான் முன்னாடி ஆடுறவங்களையே பாக்குறேன், அவனைக் காணோம். கண்ணு கோல் பக்கம் போச்சு. அங்க நிக்கிறான். நாட்டுக்கே கோல் போட்டவன், கோலியா நிக்கிறான் தம்பி! காட்டு வழியாத் தப்பிச்சுப் போனப்ப விழுந்து முழங்கால்ல உள்ள என்னமோ அறுந்துருச்சாம். ஒளிஞ்சு கிடந்தவன் எந்த ஆஸ்பத்திரிக்குப் போறது. அப்படியே கோணலாக் கூடிருச்சு. நடந்தா நொண்டுறான்.

ஒருத்தன் அடிச்சான், இவனைத் தாண்டி உள்ள போயிருச்சு. இவன் என்ன பண்ணினான் தெரியுமா? சிரிச்சான். அடிச்சவனைப் பாத்துக் கையைத் தட்டிக்கிட்டு வாய்விட்டுச் சிரிக்கிறான். அத்தனை ஆட்டம் பாத்திருக்கேன், இவன் மைதானத்துல சிரிச்சு நான் பாத்ததே இல்ல. எனக்குத் தாங்கல. மானம் போன இடத்துல நின்னு சிரிக்கிறானே.

ஆட்டம் முடிஞ்சு வந்தான். 'நீலு'ன்னேன். நின்னான். நான் தமிழ்ல பேசுறேன், அவன் பர்மியத்துல பதில் சொல்றான். மாமான்னு கூப்பிடல. 'ஊலே'ங்கிறான். ஊலேன்னா அங்க எல்லாப் பெரியவங்களுக்கும் சொல்றது. டாக்ஸி ஓட்டுறவனுக்கும் ஊலே, டீ ஆத்துறவனுக்கும் ஊலே.

'ஒரே ஒரு வீடியோ நீலு. தெரியாம பேசிட்டேன்னு சொல்லிரு. வழக்கை எடுத்துர்றாங்க. ரங்கூனுக்கு வா, பெரிய டாக்டர்கிட்ட காலைக் காட்டுவோம். மறுபடி ஆடலாம்டா. வயசு இருக்கு உனக்கு.'

கொஞ்ச நேரம் காலையே பாத்துட்டு நின்னான். ஆசை வந்துருச்சு, முகத்துல தெரிஞ்சுச்சு எனக்கு. அப்புறம் சொன்னான், 'அதைத் தீஹாவோட அம்மாவும் பாப்பாங்க, ஊலே.'

'அவ பாத்தா என்னடா?'

தண்ணி பாட்டிலை எடுத்துக் குடுத்தான். 'வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க'ன்னான்.

மைதானத்து ஓரத்துல ஒரு கீத்துக் கொட்டகை. செங்கமலம் அங்கதான் தொழிலாளிங்களுக்குச் சமைச்சுப் போடுறா. முடியெல்லாம் நரைச்சுப் போச்சு. 'வாங்க, உக்காருங்க'ன்னா. அண்ணேன்னு வரல. வர்றவங்க எல்லாருக்கும் வைக்கிற மாதிரி ஒரு தட்டுல சோத்தை வச்சு மீன் குழம்பை ஊத்தினா. அதே கைதான். எவ்வளவு காலம் ஆச்சு அப்படிச் சாப்பிட்டு. 'வீடு பூட்டிக் கிடக்குற மாதிரி இருக்கு செங்கமலம், எப்ப வர்ற?'ன்னு கேட்டேன்.

'இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுங்களா?'ன்னா.

ஊத்துன்னேன். வேற என்ன சொல்றது.

கெளம்பி ரோட்டுக்கு வந்துட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் இவனும் இன்னொரு ஆட்டக்காரனும் உக்காந்து காலைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கானுங்க. நான் இந்தப் பக்கம் நிக்கிறது தெரியாது. அந்தப் பையன் கேக்குறான், 'யாருண்ணே அந்தப் பெரியவரு?' இவன் சொல்றான். கோபமாச் சொல்லல தம்பி. கோபமாச் சொல்லியிருந்தாக் கூட எனக்கு ஆறியிருக்கும். சாதாரணமாச் சொல்றான்.

'ரங்கூன்லேருந்து வந்த பருப்பு வியாபாரி. பாவம், வழி தெரியாம வந்துட்டாரு.'

வழி தெரியாமயா? பாஷை தெரியாத ஊர்ல, அந்த வெயில்ல, ஒவ்வொருத்தனையா நிறுத்தி, ஸோ மின் ஊவோட மாமா நான், ஸோ மின் ஊவோட மாமா நான்னு சொல்லிச் சொல்லி வழி கேட்டு, சரியா அந்த மைதானத்துக்கே போயிச் சேர்ந்தவன் நான். எனக்கா தம்பி வழி தெரியாது?